கட்டட வரைவிற் படநிரலும் எழுத்துநிரலும்

கட்டடம் ஒன்றை நிலத்தில் எழுப்புதற்கு முன்னர் அதனைத் தாளில் எழுப்புதல் வேண்டும். இது பழைய வழக்கம். ஆயின் தாளில் எழுப்பும் முறை இற்றை நாளில் முற்றாக மாறிவிட்டது. முன்னைய படவரைஞர் சுவரை இரண்டு கோடுகளாக வரைந்தார். கதவை ஒரு கோடும் ஒரு வில்லுமாக வரைந்தார். அவை சுவர் என்பதும் கதவு என்பதும் பார்ப்பவருடைய அறிவில் மாத்திரமே இருந்தன. தாளுக்கு அவை வெறுங்கோடுகளே. இன்றைய கட்டட வரைவு மென்பொருளோ சுவரைச் சுவராகவும் கதவைக் கதவாகவும் அறிந்து வைத்திருக்கின்றது. இக்கதவு எத்தளத்தில் உள்ளது, எச்சுவரிற் பொருந்தியது, அதன் அகலம் யாது, எவ்வறையிலிருந்து எவ்வறைக்குத் திறப்பது, தீயை எத்துணை நிமிடந் தாங்கவல்லது என்பன யாவும் அக்கதவோடு சேர்த்துக் குறிக்கப்பட்டிருக்கும். இம்முறையைக் கட்டடத் தகவல் உருவமைப்பு என்பர். இங்கே படம் என்பது ஒரு தகவற் களஞ்சியத்தை ஏதேனும் ஒரு பக்கத்தினின்று நோக்குங் காட்சியேயாம்.

தகவல் பெருகியவிடத்து அதனை நிரப்பும் வேலையும் பெருகும். நடுத்தரமான ஒரு வைத்தியசாலைக் கட்டடத்திலே கதவுகள் சில நூறு இருத்தல் இயல்பு. அவை ஒவ்வொன்றுக்கும் எண் இடவேண்டும். அவ்வெண் அது திறக்கும் அறையின் எண்ணோடு பொருந்த வேண்டும். அறையின் பயனுக்கேற்பத் தீயெதிர்ப்பு நேரத்தைக் குறிக்க வேண்டும். இடையில் அறை எண் மாறினால் அனைத்தையும் மீண்டும் மாற்றவேண்டும். இதனை ஒருவர் இருந்து கையால் தட்டெழுதுவாராயின் இரண்டு மூன்று நாள் கழியும். அந்நாள் கழிந்தபின்பும் பிழை இல்லையென்று எவரும் உறுதி கூறார். இத்தகைய வேலை மனிதருக்கு ஏற்றதன்று, பொறிக்கே ஏற்றது என்பதில் ஐயமில்லை. பொறிக்குக் கட்டளையிடுவது எவ்வாறு என்பதிலேதான் இரு வழிகள் பிரிகின்றன. கட்டளையைப் படமாக வரைந்து காட்டுதல் ஒன்று. எழுத்தாக எழுதிக் கொடுத்தல் மற்றொன்று. முன்னையதைப் படநிரல் எனவும் பின்னையதை எழுத்துநிரல் எனவும் இக்கட்டுரையில் வழங்குவாம்.

இவ்விரண்டின் பிறப்பையும் நோக்குமிடத்து ஒரு வியப்பான செய்தி தோன்றும். கணனித் திரையில் ஒளிப்பேனாவாற் கோடு வரையலாம் என்று முதன்முதல் தெளிவாகக் காட்டியவர் ஐவன் சதர்லாந்து என்பார். அவர் 1963ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் சமர்ப்பித்த ஆய்வே 'ஸ்கெச்பாட்' எனப் பெயர்பெற்றது. இற்றைக் கணனி வரைவு அனைத்துக்கும் அதனையே மூலமெனக் கூறுவர். அவருடைய தமையனார் வில்லியம் சதர்லாந்து அதே நிறுவகத்தில் 1966ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த ஆய்வு, கணனிக்கு இடுங் கட்டளைகளையே திரையிற் படமாக வரையலாம் என்பதைக் காட்டிற்று. வரைவும் படநிரலும் ஒரு வீட்டிலே பிறந்த பிள்ளைகள் எனல் மிகையன்று. ஆனால் அவ்விரண்டும் கட்டடக்கலைஞரின் மேசையில் ஒன்றுசேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இடைப்பட்ட காலத்திலே எழுத்துநிரலே முந்திக்கொண்டது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓட்டோகாட் என்னும் வரைவு மென்பொருள் 1986ஆம் ஆண்டளவில் லிஸ்ப் மொழியின் ஒரு கிளையைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. அடைப்புக்குறிகள் நிறைந்த அம்மொழியைக் கற்றுத் தம் வேலையைச் சுருக்கிக்கொண்ட படவரைஞர் பலர்.

பின்னர் 2007ஆம் ஆண்டில் டேவிட் றட்டன் என்பார், றைனோ என்னும் வடிவ வரைவு மென்பொருளுக்குத் துணையாகப் படநிரற் கருவி ஒன்றை ஆக்கினார். அதுவே கிறாஸ்ஹொப்பர் என வழங்குவது. 2018ஆம் ஆண்டிலிருந்து அது றைனோவின் பகுதியாகவே வருகின்றது. கட்டடத் தகவல் உருவமைப்பில் மிகுதியும் வழங்கும் றெவிற் என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்து 2002ஆம் ஆண்டில் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதற்கு இயன் கீயோ என்பார் 2011ஆம் ஆண்டளவில் டைனமோ என்னும் படநிரற் கருவியைத் தொடக்கினார். அதுவும் காலப்போக்கில் றெவிற்றுடன் கூடவே வருவதாயிற்று. ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் பெரும்பாலும் டைனமோவையும் றெவிற்றையும் சார்ந்தன. பிற கருவிகளிற் பெயர் வேறுபடுமேயன்றி நியாயம் வேறுபடாது.

இனி, படநிரல் என்பது யாது? திரையிற் சிறு பெட்டிகள் பல வைக்கப்படும். அவற்றைக் கணுக்கள் எனலாம். ஒவ்வொரு கணுவும் ஒரு தொழிலைச் செய்யும். கணுவின் இடப்புறத்தால் வேண்டிய பொருள் உட்புகும். வலப்புறத்தால் விளைவு வெளிவரும். ஒன்றின் வலப்புறத்தை மற்றொன்றின் இடப்புறத்தோடு இழையால் இணைத்துவிட்டால், வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் தகவல் ஒரு கணுவினின்று மற்றொன்றுக்கு ஓடும். கதவுக்கு எண்ணிடும் வேலையை எடுத்துக்கொள்வோம். முதற்கணு கட்டடத்திலுள்ள கதவுகள் யாவற்றையுந் திரட்டித் தரும். இரண்டாங்கணு அக்கதவுகள் திறக்கும் அறைகளைத் தரும். மூன்றாவது அவ்வறைகளின் எண்ணைத் தரும். நான்காவது அவ்வெண்ணைக் கதவின் எண்ணாக எழுதிவிடும். நான்கு கணுக்கள், சில இழைகள், அவ்வளவே. நிரலெழுதுதலை ஒருபோதுங் கல்லாத கட்டடக்கலைஞர் ஒருவர் இதனை ஒரு பிற்பகலில் அமைத்துவிடலாம். இழையை இணைத்தவுடனே கணுவின் கீழ் விளைவு தோன்றுவதால், தாம் செய்வது சரியோ பிழையோ என்பதை அவர் அடிக்கடி கண்டுகொள்ளலுங் கூடும். இது சிறிய நன்மையன்று.

எழுத்துநிரலிலே இதே வேலை வேறு முகங்கொள்ளும். நிரலாளர் சீ ஷார்ப் அல்லது பைதன் என்னும் மொழியில், கதவென்னும் வகையைச் சேர்ந்தவற்றை எல்லாந் திரட்டுக எனவும், அவற்றுள் ஒவ்வொன்றையும் எடுத்து அதன் அறையைக் கேட்க எனவும், அறை இருப்பின் எண்ணை எழுதுக எனவும், இல்லையாயின் அக்கதவைத் தனிப் பட்டியலிற் சேர்க்க எனவும் வரிவரியாக எழுதுவார். இருபது முப்பது வரிகளில் இது முடியும். ஆனால் அவ்வரிகளை எழுதுமுன் அவர் அறியவேண்டியவை சில உள. மென்பொருளின் உள்ளமைப்பை நிரலாளர் அணுகுதற்கென நிறுவனத்தார் திறந்துவைத்த வாயில்களை அவர் கற்றிருத்தல் வேண்டும். மாற்றம் செய்யும் எப்பகுதியையும் 'இங்குத் தொடங்கிற்று, இங்கு முடிந்தது' என்று வரம்புகட்டிக் கூறவேண்டும். அவ்வரம்பினுள் ஏதேனும் தவறினால் செய்தவை அனைத்தையும் பழைய நிலைக்கு மீட்கலாம். படநிரலில் இவ்வரம்பைக் கருவி தானே கட்டிக்கொள்ளும். பயில்வோர் அதனை அறியவும் வேண்டியதில்லை.

இன்னொன்று கூறுவாம். றெவிற் தன் உள்ளத்திலே நீளங்கள் யாவற்றையும் அடியிலேயே வைத்திருக்கின்றது. பயன்படுத்துவோர் மில்லிமீற்றரில் வரைந்தாலும் அவ்வாறே. ஓர் அடி 304.8 மில்லிமீற்றர். ஆகவே 900 மில்லிமீற்றர் அகலமுள்ள கதவின் அகலத்தை எழுத்துநிரல் கேட்குமாயின் ஏறத்தாழ 2.953 என்ற விடையே வரும். இதனை அறியாத புதிய நிரலாளர், 900இற்குக் குறைந்த அகலமுடைய கதவுகளைக் காட்டுக என்று எழுதி, கட்டடத்திலுள்ள கதவுகள் அத்தனையும் திரையில் வந்து நிற்கக் கண்டு திகைப்பார். டைனமோ இவ்வலகு மாற்றத்தைத் தானே செய்து தருவது. இவ்வாறு படநிரல் பல நுட்பங்களை மறைத்துக் காக்கின்றது. மறைத்தல் உதவியா இடையூறா என்பது பின்னர் விளங்கும்.

இவ்வளவிற் பார்க்கும்போது படநிரலே எளிது, ஆதலின் அதுவே சிறந்தது என்று தோன்றும். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

யான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஒரு வைத்தியசாலைக் கட்டடத்தின் கதவுகளுக்கு எண்ணும் தீயெதிர்ப்பு நேரமும் இடுதற்குப் படநிரல் ஒன்று வழங்கிவந்தது. அதனை முதலில் அமைத்தவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். அவருக்குப் பின் வந்தோர் தத்தம் தேவைக்கேற்பக் கணுக்களைச் சேர்த்துச் சேர்த்து, அது திரையைத் தாண்டி நாற்புறமும் பரந்துவிட்டது. அறை இல்லாத கதவுகள் சில இருந்தன. வெளிமுற்றத்துக்குத் திறப்பனவும், பின்னர் எல்லை வகுக்கப்படவிருந்த இடங்களுக்குத் திறப்பனவுமாகிய அவை ஏழு. அக்கதவுகளுக்கு அறை எதுவென்று கேட்டால் 'இல்லை' என்ற வெறுமையே விடையாக வரும். அவ்வெறுமை பின்வருங் கணுக்களில் எச்சரிக்கையை எழுப்பியதால், யாரோ ஒருவர் வெறுமைகளை நீக்குங் கணு ஒன்றை அறைப் பட்டியல் ஓடும் இழையின் நடுவே வைத்துவிட்டார். எச்சரிக்கை மறைந்தது. நிரல் அமைதியாக ஓடிற்று. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

நேர்ந்தது யாதெனின், அறைப் பட்டியலிலிருந்து ஏழு இடங்கள் நீங்கின. கதவுப் பட்டியலிலிருந்து ஒன்றும் நீங்கவில்லை. இரண்டு பட்டியல்களும் ஒரு கணுவிற் சேருமிடத்தில் முதற்கதவு முதலறையோடும் இரண்டாங்கதவு இரண்டாமறையோடும் சோடி சேர்க்கப்படும். வெறுமை நீங்கிய முதலிடத்துக்குப் பின்வந்த கதவுகள் எல்லாம் தமக்கு அடுத்த கதவின் அறையைப் பெற்றன. ஏழிடங்களும் நீங்கியபின் ஏழு இடம் தள்ளிப் பெற்றன. கடைசி ஏழு கதவுகள் ஒன்றும் பெறாது நின்றன. பட்டியல்களின் நீளம் ஒவ்வாதவிடத்துக் குறுகியதன் அளவிலே நிறுத்திக்கொள்வது டைனமோவின் ஒழுங்குகளில் ஒன்று. அதனை அது பிழையெனக் கருதாது. மின்பலகை அறைக்குரிய 60 நிமிடம் பக்கத்திலிருந்த துணிக்களஞ்சியத்துக்குப் போயிற்று. மின்பலகை அறைக்குத் தீயெதிர்ப்பே இல்லாத கதவு குறிக்கப்பட்டது. அட்டவணை அச்சுக்குச் செல்லவிருந்த வேளையிலே, தாளிற் பழகிய முதிய படவரைஞர் ஒருவர், கழிப்பறைக் கதவு 60 நிமிடந் தீயைத் தாங்கவேண்டியது எற்றுக்கு என்று சிரித்துக்கொண்டே வினாவினார். அச்சிரிப்பு இல்லையாயின் அவ்வட்டவணைப்படி கதவுகள் செய்யப்பட்டிருக்கும். நோயாளிகள் துயிலும் ஒரு கட்டடத்திலே மாட்டப்பட்டுமிருக்கும்.

இப்பிழையைப் படநிரலின் மேல் முழுதாகச் சுமத்துதல் நீதியன்று. எழுத்துநிரலிலும் இரண்டு பட்டியல்களைத் தனித்தனியாக ஓடவிட்டு இதே பிழையைச் செய்யலாம். படநிரலிலும் வெறுமையுள்ள இடங்களை ஒரே அளவுகோலால் இரண்டு பட்டியல்களினின்றும் ஒருங்கே நீக்கி இதனைத் தவிர்க்கலாம். தேர்ந்தோர் அவ்வாறே செய்வர். ஆயினும் ஒவ்வொரு முறையும் தன்னைப் பயில்வோரை ஒரு பழக்கத்தின்பால் இழுக்கின்றது. எழுத்துநிரல் எழுதுவோன் இயல்பாகவே ஒரு கதவைக் கையிலெடுத்து, அதன் அறையைக் கேட்டு, அதற்குரியதை எழுதி, அதனை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பான். கதவும் அறையும் அவன் கையில் ஒன்றாகவே இருக்கும். படநிரலிலோ கதவுகள் எல்லாம் ஓர் இழையிலும் அறைகள் எல்லாம் மற்றோர் இழையிலும் கூட்டமாக ஓடும். அவற்றிடையேயுள்ள உறவு, வரிசையிலே எத்தனையாவது என்னும் ஒன்றையே பற்றி நிற்கும். அவ்வரிசை குலைந்தால் உறவும் குலையும். குலைந்தமை கண்ணுக்குப் புலப்படாது. எல்லாவற்றையும் கண்ணாற் காணலாம் என்பதே படநிரலின் பெருமை. ஆனால் நாம் காண்பது இழையை மாத்திரமே. இழையினூடே எது ஓடுகின்றது என்பதை அன்று.

கோலமிடுவோர் இதனை எளிதில் உணர்வர். ஐந்து புள்ளிக் கோலத்தைப் பார்த்தவுடன் கோடு எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிகின்றது என்பது விளங்கும். இருபத்தொரு புள்ளிக் கோலத்தை மற்றொருவர் இட்டிருந்தால், அதன் அழகை வியக்கலாமேயன்றி ஒரு கோட்டைப் பின்பற்றிச் செல்லுதல் அரிது. படநிரலும் அத்தன்மைத்தே. திரையொன்றில் ஐம்பது உருக்களுக்கு மேல் வைத்துப் படநிரல் எழுத இயலாது என்னுங் கூற்று ஒன்று பீற்றர் டொயிச் என்னுங் கணனி அறிஞர் பெயரால் வழங்குகின்றது. ஐம்பது என்பது துல்லியமான எல்லையன்று. ஆனால் பெருத்த படநிரல் ஒன்றைத் திருத்தப் புகுந்தோர் அதனை மறுக்கார். பிறெட் புறூக்ஸ் என்பார் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இதற்குக் காரணமும் காட்டினார். நிலத்துக்கு வரைபடம் உண்டு, கட்டடத்துக்குத் தளப்படம் உண்டு, ஏனெனில் அவை இடத்திலே இருப்பன. மென்பொருள் இயல்பாகவே இடத்தில் இருப்பதன்று, ஆதலின் அதனைப் படத்தில் அடக்குதல் கடினம் என்பது அவர் கருத்தின் சாரம். கட்டடக்கலைஞருக்கு இது கசப்பான செய்தி. வாழ்நாள் முழுவதும் படத்தால் எண்ணுபவர் நிரலையும் படத்தால் எண்ணலாம் என்று நம்புதல் இயற்கையே. 1990களின் தொடக்கத்தில் கிறீன், பெற்றே என்னும் ஆய்வாளர் இருவர் படநிரலையும் எழுத்துநிரலையும் படித்து விளங்கிக்கொள்ளும் விரைவை ஒப்பிட்டபோது, படத்தைப் படிக்கவே கூடிய நேரஞ் சென்றமை கண்டனர்.

ஆயின் எழுத்துநிரலே எங்கும் ஏற்றதெனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. வடிவந் தேடும் வேலையிலே படநிரலுக்கு நிகர் யான் காணவில்லை. மேற்கு முகமாக நிற்கும் ஒரு சுவருக்கு வெயில் மறைக்கும் பலகைகள் அமைக்க எண்ணுகின்றோம் எனக் கொள்க. பலகைகளிடையே இடைவெளி எவ்வளவு, சாய்வு எத்தனை பாகை, மேலே செல்லச்செல்லச் சாய்வு மாறவேண்டுமோ என்பன முன்கூட்டியே தெரியா, கண்டுதான் தெளியவேண்டும். படநிரலில் இவ்வளவுகளை நகர்த்தும் வழுக்கிகளாக வைத்துவிட்டால், விரலால் இழுக்க இழுக்கச் சுவர் முழுவதும் கண்முன்னே மாறும். விடை யாது என்று அறியாது வினாவையே தேடிக்கொண்டிருக்கும் அந்நிலையில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத்தைத் திருத்தி, தொகுத்து, மென்பொருளை மீளத் திறந்து பார்த்தல் எண்ணத்தின் ஓட்டத்தையே அறுத்துவிடும். டைனமோவுக்கு இங்கு மற்றொரு வசதியும் உண்டு. தான் முன்னர் ஆக்கிய பொருள்களை அது நினைவில் வைத்திருந்து, அளவு மாறியவிடத்துப் புதியவற்றை ஆக்காது பழையனவற்றையே மாற்றியமைக்கும். எழுத்துநிரலில் அந்நினைவை நாமே கட்டவேண்டும். இவ்வசதியிலும் ஒரு முள் உண்டு. அந்நினைவு படநிரற் கோப்பிலேயே உறைவதால், முதல் ஓட்டத்துக்கு முன் எடுத்த படியை வைத்திருக்கும் மற்றொருவர் அதே கட்டடத்தில் அதனை ஓட்டினால், பழைய பலகைகளின் மேலேயே புதிய பலகைகள் இன்னொரு தொகுதி எழும்.

எழுத்துநிரலின் செலவையும் மறைக்கலாகாது. றெவிற் ஆண்டுதோறும் புதிய பதிப்பாக வருவது. புதிய பதிப்பிற் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறத்தல் இயலாது. ஆகவே பல ஆண்டு நடக்கும் கட்டட வேலைகளைக் கொண்ட அலுவலகங்கள் பல பதிப்புகளை ஒருங்கே வைத்திருக்கும். நிரலாளர் எழுதியது அவை ஒவ்வொன்றுக்கும் இசைய வேண்டும். 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் அலகுகளைக் குறிக்கும் முறை மாற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு பொருளுக்குமுரிய அடையாள எண் 32 இருமவெண்ணளவிலிருந்து 64 அளவுக்கு விரிந்தது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பில், நிரல்கள் நிற்கும் அடித்தளமாகிய மைக்குறோசொப்ற்றின் பழைய டொட்நெற் கட்டமைப்பு 4.8 நீங்கி டொட்நெற் 8 வந்தது. அதற்கு முந்திய பதிப்புகளுக்கும் பிந்திய பதிப்புகளுக்கும் நிரலை வெவ்வேறாகத் தொகுக்க வேண்டியதாயிற்று. கட்டடம் வரையும் அலுவலகம் ஒன்று இவ்வேலைக்கு ஆள் வைத்திராவிட்டால், ஒருவர் ஆர்வத்தால் எழுதிய அருமையான நிரல் மூன்றாம் ஆண்டிலே ஓடாது நின்றுவிடும். எழுதியவரும் அப்போது இரார்.

படநிரலுக்கு இத்துன்பம் இல்லையென்று சொல்லுவாருமுளர். அது பாதி உண்மை. கருவியோடு வந்த கணுக்களை மாத்திரம் கொண்டு அமைத்த படநிரல், பதிப்பு மாற்றங்களைப் பெரும்பாலும் தாண்டிவிடும். அடியில் நிகழ்ந்த மாற்றத்தைக் கணுவை ஆக்கியோரே ஏற்றுக்கொள்வர். ஆனால் நடைமுறையில் அத்தகைய படநிரல் அருமை. பிறர் ஆக்கி இலவசமாக வழங்குங் கணுத்தொகுதிகளைச் சேர்க்காதவர் எவர்? அத்தொகுதியை ஆக்கியவர் ஒருநாள் அதனைப் பேணாது விட்டால் நமது படநிரலின் நடுவே கணுக்கள் செத்துக் கிடக்கும். பைதன் மொழியின் இரண்டாம் தலைமுறைக்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளோடு முடிந்தது. டைனமோவும் பின்னர் பழைய பைதனை விட்டு மூன்றாம் தலைமுறைக்கு மாறியபோது, படநிரல்களினுள்ளே பொதிந்து கிடந்த பைதன் துண்டுகள் பல ஓடாதொழிந்தன. தம் படநிரலுள் எழுத்துநிரல் இருப்பதையே அறியாதிருந்தோர் பலர் அன்றுதான் அறிந்தனர்.

பைதன் துண்டு என்றமையால் இடைவழி ஒன்றைப் பற்றியுங் கூறவேண்டும். படநிரலின் நடுவே ஒரு கணுவைத் திறந்து அதனுள் எழுத்தாக எழுதலாம். ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யவேண்டிய வேலையை அத்துண்டினுள் வைத்து, மற்றவற்றைப் படமாக விடுவது பலருடைய வழக்கம். இது வசதியானதே, ஆயினும் எனக்கு இதில் முழுமனமில்லை. படத்தைப் பார்ப்பவருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தைத் திருத்துபவருக்கு அதைத் தேடிப் பெட்டி பெட்டியாகத் திறக்கவேண்டும். இதனினும் செவ்வியது, சீ ஷார்ப் மொழியில் எழுதித் தொகுத்த நூலகத்தைக் கணுக்களாக டைனமோவினுட் கொணர்தல். தேர்ந்த நிரலாளர் ஒருவர் 'அறையோடு கூடிய கதவுகள்' என்னும் ஒரு கணுவை எழுத்தில் ஆக்கி, சோதித்து, பெயரிட்டுக் கொடுத்தால், கட்டடக்கலைஞர் அதனை மற்றக் கணுக்களைப்போல் இழையால் இணைத்துக்கொள்வார். ஆபத்தான இடம் எழுத்தில் நிற்கும்; மாறிக்கொண்டிருக்கும் இடம் படத்தில் நிற்கும். முழுதும் எழுத்திலே எழுத விரும்பியும் தொகுத்தல், நிறுவுதல் என்னுந் தொல்லைக்கு அஞ்சுவோருக்குப் பைறெவிற் என்னும் இலவசக் கருவி உதவும். பைதனில் எழுதிய கோப்பை ஓர் உறையில் வைத்தாற் போதும்; றெவிற்றின் மேற்பட்டையிற் பொத்தான் ஒன்று தோன்றும்.

அண்மைக் காலத்தில் இத்துலாக்கோலின் ஒரு தட்டிற் புதிய எடை ஒன்று ஏறியிருக்கின்றது. மனிதர் வழக்கமொழியிற் கேட்க நிரலை எழுதித்தரும் கணனிகள் பரவியுள்ளன. அவை எழுத்தைக் கற்றவை. ஆகவே எழுத்துநிரலைத் தடையின்றித் தருகின்றன, கணுவையும் இழையையும் கொண்ட படத்தை அத்துணை நன்றாகத் தருவதில்லை. 'நிரலெழுதக் கல்லாதேன், ஆதலாற் படநிரல்' என்ற நியாயம் இதனால் மெலிந்துவிட்டது. ஆனால் எழுதித்தந்த முப்பது வரிகளைப் படித்து, அடிக் கணக்கு சரியோ, அறையில்லாக் கதவுக்கு என்ன செய்தது என்று பார்க்குங் கண் வேண்டும். அது இல்லாதவர் கையில், ஓடுகின்ற நிரல் ஓடாத நிரலைக் காட்டிலும் தீங்கானது.

மாற்றங்களைக் கண்காணிப்பதிலும் இரண்டும் ஒத்தனவல்ல. எழுத்துநிரலில் நேற்றிருந்ததற்கும் இன்றிருப்பதற்கும் வேறுபட்ட வரி எதுவென்று கருவியே காட்டும். படநிரற் கோப்பும் உள்ளே எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றது எனினும், ஒரு கணுவை இடப்புறம் சற்றே நகர்த்தினால் அதுவும் மாற்றமாகவே பதிவாகும். அந்த வெறுமை நீக்குங் கணுவை வைத்தவர் யார், என்று வைத்தார் என்று நாங்கள் தேடியபோது, அலங்காரத்துக்காகக் கணுக்களை வரிசைப்படுத்திய நூற்றுக்கணக்கான மாற்றங்களிடையே அது புதைந்து கிடந்தது. கடைசிவரை கண்டுபிடித்திலேம்.

ஆகவே, ஒருவர் என்னிடம் வந்து எதனைத் தெரிவது என்று கேட்பாராயின், யான் முதலிற் கேட்பது அவ்வேலை எவ்வளவு கடினம் என்பதன்று. அதனை அடுத்த ஆண்டு ஓட்டப்போகிறவர் யார் என்பதே. அமைத்தவரே தம் மேசையிலிருந்து இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டுக் களையும் வேலையாயின் படநிரல் போதும்; எழுத்தில் எழுதுவது காலவிரயம். நாற்பது பேர், தாம் செய்யாத ஒன்றை, உள்ளே என்ன நடக்கின்றது என்று அறியாமல், பொத்தானை அழுத்தி ஓட்டப்போகின்றனராயின் எழுத்துநிரலே வேண்டும். அடுத்துக் கேட்பது, பிழைத்தால் என்னாகும் என்பது. ஒரு சுவரின் பலகை சற்றே சாய்ந்து தோன்றினாற் கண் அதனைக் கண்டுகொள்ளும். அட்டவணையில் ஓரெண் மாறினால் கண் காணாது. கண்ணாற் சோதிக்கத்தக்க விளைவைத் தருவது படமாக இருக்கலாம். கண்ணுக்குத் தப்பும் விளைவைத் தருவது, தன்னைத்தானே சோதித்துக் கூறவல்ல எழுத்தாக இருத்தலே தக்கது. அவ்வெழுத்தையும் றெவிற்றினுள்ளே ஓட்டித்தான் சோதிக்கவேண்டியிருத்தலால், பிற துறை நிரலாளர் துய்க்கும் சோதனை வசதிகள் இத்துறையில் முழுமையாக இல்லை என்பதும் உண்மை.

எங்கள் அலுவலகத்தில் அக்கதவு நிரல் பின்னர் சீ ஷார்ப்பில் எழுதப்பட்டது. எழுத ஆறு நாள் சென்றது. பழைய படநிரலைத் திருத்தியிருப்பின் ஒரு மணி நேரம் போதியதாயிருந்திருக்கும் என்று கணக்குப் பார்ப்போர் இன்றும் முணுமுணுப்பர். வெயிற் பலகைகளுக்குரிய படநிரல்கள் படநிரல்களாகவே இருக்கின்றன. புதிய நிரல் எண்ணிடத் தொடங்குமுன் கதவுகளின் தொகையையும், அறை காணப்பட்ட கதவுகளின் தொகையையும் அருகருகே காட்டும். அவை ஒவ்வாவிடின் எஞ்சிய கதவுகளைத் தளமும் இடமும் குறித்து வரிசையாக நிறுத்தி, ஒருவர் அவற்றைப் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை ஓரெண்ணும் எழுதாது நிற்கும். அவ்வரிசையை அச்சிட்டு, கழிப்பறைக் கதவைக் கண்டு சிரித்த அந்த முதிய படவரைஞரிடமே கொடுத்துவந்தோம். அவர் செந்நிறப் பென்சிலால் ஒவ்வொன்றையும் குறியிட்டுத் திருப்பித் தந்தார்.